புரோட்டானைவிட அதன் குறுக்குவெட்டு எப்படிப் பெரியதாக இருக்கும்?

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பை பிளஸ் மீசான் புரோட்டானில் மோதும்போது, 190 எம்.இ.வி. இயக்க ஆற்றலில் குறுக்குவெட்டு சுமார் 200 மில்லிபார்ன் என்று பாடத்தில் வருகிறது. புரோட்டானின் ஆரம் 0.84 ஃபெம்டோமீட்டர். வட்டப் பரப்பு போட்டுப் பார்த்தால் 22 மில்லிபார்ன்தான் வருகிறது. ஒன்பது மடங்கு எங்கிருந்து வந்தது? பை மைனசுக்கு மட்டும் ஏன் 70? இதையெல்லாம் நிஜத்தில் எதை வைத்து அளந்தார்கள்? நம் ஊரில் இருந்துகொண்டு இதில் எதையாவது கையால் செய்து பார்க்க முடியுமா?"

தம்பி, உங்கள் 22 சரி. புத்தகத்தின் 200-உம் சரி. இரண்டும் ஒரே பொருளின் அளவு என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் முடிச்சு விழுந்திருக்கிறது. அதை அவிழ்க்க நான் சமன்பாட்டில் தொடங்குவதில்லை, கோலிக்குண்டில் தொடங்குவேன்.

மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் லேப் எடுத்திருக்கிறேன். அணுக்கரு இயற்பியல் பாடம் ஆரம்பிக்கும் வாரத்தில் 60 செ.மீ. அகலமுள்ள பிளைவுட் பலகை ஒன்றை மேசைமேல் கொஞ்சம் சாய்த்து வைப்பேன். அதில் ஆறு கோலிகள் எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறையாதபடி, பெரும்பாலும் நடுப்பகுதியில். மேலே அட்டை மூடி. எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, ஆறு இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதே அளவு கோலி ஒன்றை மேல் ஓரத்திலிருந்து 200 முறை உருட்ட வேண்டும். 'டொக்' என்று கேட்டால் மோதியது. சத்தமில்லாமல் கீழே வந்து விழுந்தால் தப்பியது. ஒருவர் உருட்ட, ஒருவர் காதைக் கொடுத்துக் கேட்க, ஒருவர் கோடு போட்டு எண்ணுவார்.

200-இல் 64 மோதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 64ஐ 200-ஆல் வகுத்து, பலகையின் அகலம் 60-ஆல் பெருக்கி, கோலிகளின் எண்ணிக்கை 6-ஆல் வகுத்தால் 3.2 செ.மீ. வரும். அட்டையைத் தூக்கி ஒட்டிய கோலியை அளந்தால் விட்டம் 1.6 செ.மீ.தான். இரண்டு மடங்கு! எல்லா வருடமும் இந்த இடத்தில் யாராவது ஒருவர் கணக்கைத் திரும்பப் போடுவார். கணக்கில் தப்பில்லை. உருளும் கோலியின் நடுப்புள்ளி ஒட்டிய கோலியின் நடுப்புள்ளிக்கு 1.6 செ.மீ. பக்கத்தில் வந்தாலே இரண்டும் உரசும். இடப்பக்கம் 1.6, வலப்பக்கம் 1.6. அந்த 3.2 ஒட்டிய கோலிக்கு மட்டும் சொந்தமானதில்லை, உருட்டிய கோலிக்கும் அதில் பங்கு உண்டு.

குறுக்குவெட்டு என்பது இதுதான். உள்ளே போனது எத்தனை, வழியில் இருந்தது எத்தனை, வெளியே வராமல் போனது எத்தனை என்று எண்ணி எடுக்கும் ஒரு பரப்பு. யார் யாரை மோதுகிறார்கள், என்ன ஆற்றலில் மோதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

ஒரு வருடம் ஒரு குழுவுக்கு 82 மோதல் வந்து விடை 4.1 செ.மீ. ஆகிவிட்டது. புள்ளியியல் ஏற்ற இறக்கம் ஆறேழு மோதலுக்கு மேல் சாதாரணமாகப் போகாது, 18 அதிகம் என்றால் வேறு காரணம் இருந்தாக வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தேன். உருட்டிய மாணவி பலகைக்கு நேர் நடுவில் நின்றுகொண்டு, கைக்கு வாகாக நடுப்பகுதியிலிருந்தே உருட்டிக்கொண்டிருந்தார். கோலிகளும் நடுவில்தான் கூடுதலாக இருந்தன. 1 முதல் 60 வரை சீட்டு எழுதி, குலுக்கி, வந்த செ.மீ. குறியிலிருந்து உருட்டச் சொன்னேன். 66 மோதல், 3.3 செ.மீ. கற்றை எப்படி வருகிறது என்று தெரியாமல் இலக்கைப் பற்றி எதுவும் பேசக்கூடாது என்பதை அந்தப் பெண் எனக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது உங்கள் 200-க்கு வருகிறேன். முதலில் அலகு. எம்.இ.வி. என்பது பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட், ஜி.இ.வி. அதைப்போல் ஆயிரம் மடங்கு. ஃபெம்டோமீட்டர் 10⁻¹³ செ.மீ. பார்ன் என்றால் களஞ்சியம். 1942-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் யுரேனியம் அணுக்கருவைப் பற்றிப் பேசும்போது, அந்த அளவில் அது களஞ்சியம் மாதிரிப் பெரியது என்று வைத்த பெயர். ஒரு பார்ன் 10⁻²⁴ சதுர செ.மீ. ஒரு மில்லிபார்ன் 0.1 சதுர ஃபெம்டோமீட்டர். பையானுக்கும், அதாவது பை மீசானுக்கும், ஆரம் உண்டு, சுமார் 0.66 ஃபெம்டோமீட்டர். கோலிக் கணக்குப்படி இரண்டு ஆரத்தையும் கூட்டி வட்டம் போட்டால் 71 மில்லிபார்ன் வரும். இன்னும் 200 வரவில்லை. ஆற்றலைப் பல பத்து ஜி.இ.வி.க்கு ஏற்றினாலோ, அளந்த குறுக்குவெட்டு 24 மில்லிபார்ன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகக் கோலிப் படம் இரண்டு பக்கமும் பொய்த்துப் போகிறது. அதிக ஆற்றலில் இரண்டும் ஓரளவு ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடுகின்றன, பாதி மறைக்கும் ஓலைத்தட்டி மாதிரி. குறைந்த ஆற்றலில் என்ன நடக்கிறது?

190 எம்.இ.வி. பையானின் உந்தம், நிறைமையச் சட்டகத்தில் (மோதும் இரண்டின் மொத்த உந்தம் பூச்சியமாகத் தெரியும் பார்வையில்) 227 எம்.இ.வி.க்குச் சமம். டி பிராய் அலைநீளம் போட்டுப் பாருங்கள், 5.5 ஃபெம்டோமீட்டர் வரும். புரோட்டானைவிட மூன்று மடங்குக்கும் மேல் நீளமான அலை அது. 'குறி தவறிப் போகிறது' என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. அலை இலக்கின் ஒத்திசைவு ஆற்றலில் வந்து சேர்ந்தால், இலக்கு தன் உடம்பைவிட அகலமான இடத்திலிருந்து அலையை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கு மட்டும் உச்சவரம்பு உண்டு. ஸ்பின் 3/2 ஒத்திசைவுக்கு அந்த வரம்பு, 8 பை என்பதை அலை எண்ணின் வர்க்கத்தால் வகுப்பது. அலை எண் 1.15, விடை 19 சதுர ஃபெம்டோமீட்டர், அதாவது 190 மில்லிபார்ன். இந்த வரம்பில் புரோட்டானின் ஆரம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்ற அலைகளின் சிறு பங்கும் சேர்ந்துதான் 200. பையானும் புரோட்டானும் கண நேரம் ஒன்றாகி நிற்கும் அந்த ஒத்திசைவின் பெயர் டெல்டா, நிறை 1232 எம்.இ.வி., ஆயுள் சுமார் 5.6 × 10⁻²⁴ விநாடி.

பை மைனசுக்கு 70 வருவது ஐசோஸ்பின் கணக்கு. புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரு குடும்பமாக, மூன்று பையான்களையும் இன்னொரு குடும்பமாகப் பார்க்கும் குவாண்டம் எண் அது. பை பிளசும் புரோட்டானும் சேர்ந்தால் முழுக்க 3/2 நிலைதான். பை மைனசும் புரோட்டானும் சேர்ந்தால் அந்த நிலையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. 200-இல் மூன்றில் ஒரு பங்கு 67. அந்த 67-இலும் ஒரு பங்கு பை மைனசாகவே சிதறுகிறது, இரண்டு பங்கு மின்னூட்டம் மாறி, நியூட்ரானும் மின்னூட்டமற்ற பை ஜீரோவுமாக வெளியே போகிறது. 9:1:2 என்று நீங்கள் மனப்பாடம் செய்திருப்பது இதைத்தான்.

அளந்த கதை 1951-இல் சிகாகோவில் தொடங்குகிறது. அங்கே புரோட்டான்களை 450 எம்.இ.வி. வரை முடுக்கும் சின்க்ரோசைக்ளோட்ரான் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. பையானைத் தரும் இலக்கை இயந்திரத்துக்குள் இடம் மாற்ற இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி தன் கையால் ஒரு குட்டி வண்டி செய்தார், அந்தப் பெரிய காந்தத்தின் புலத்தைக் கொண்டே அது ஓடியது. ஆண்டர்சன், லாங், நேகல் ஆகியோருடன் அவர் திரவ ஹைட்ரஜன் வழியாகப் பையான்களை அனுப்பி எண்ணினார். 1952-இல் வெளிவந்த முடிவில் பை பிளஸ் குறுக்குவெட்டு ஆற்றலோடு மளமளவென்று ஏறியது, பை மைனசைவிட மிக அதிகமாக. கோட்பாட்டாளர் கீத் புரூக்னர் சொன்ன ஐசோஸ்பின் 3/2 விளக்கம் அதற்குப் பொருந்தியது. உச்சிக்குப் போய் வளைவு இறங்குவதை அடுத்த ஆண்டுகளில் புரூக்ஹேவனின் காஸ்மோட்ரான் போன்ற இயந்திரங்கள் காட்டின.

முறை எளிது. கற்றையின் பாதையில் திரவ ஹைட்ரஜன் கலம். முன்னால், துகள் பட்டால் மின்னும் சிண்டிலேட்டர் தகடுகள் சில, பின்னால் ஒன்று. இவைதான் கவுண்டர்கள். முன்னால் உள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் மின்னினால் ஒரு பையான் உள்ளே போனது என்று கணக்கு. பின்னாலுள்ளதும் மின்னினால் அது தப்பி வந்தது. உள்ளே போனதைத் தப்பியதால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, ஹைட்ரஜன் அணுக்களின் அடர்த்தியாலும் கலத்தின் நீளத்தாலும் வகுத்தால் குறுக்குவெட்டு. சிதறியது எங்கே போனது என்று தேடவே வேண்டாம், காணாமல் போனதை எண்ணினால் போதும்.

எண் போட்டுப் பார்ப்போம். திரவ ஹைட்ரஜன் 20 கெல்வினில் இருக்கும், அடர்த்தி கன செ.மீ.க்கு 0.071 கிராம்தான், தண்ணீரில் பதினான்கில் ஒரு பங்கு. கன செ.மீ.க்கு 4.2 × 10²² புரோட்டான். 10 செ.மீ. கலமும் 200 மில்லிபார்னும் என்றால் 100 பையானில் 8 காணாமல் போகும். பத்து லட்சம் அனுப்பினால் 81,000 காணோம், அதன் வர்க்கமூலம் 285. ஆகப் புள்ளியியல் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே. இதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கு இந்தச் சோதனைகள்மேல் இருக்கும் மரியாதையெல்லாம் இதற்கப்புறம் வரும் வேலைக்குத்தான்.

காணாமல் போனதில் ஹைட்ரஜன் செய்தது எவ்வளவு? கலத்தின் மைலார் சுவர் கொஞ்சம் தின்னும், காற்று கொஞ்சம் தின்னும். பையானோ தானாகவே செத்துப்போகும், ஆயுள் 26 நானோ விநாடி. இதற்கு மருந்து காலிக் கலம். ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு அதே எண்ணிக்கையை எடுத்து, இரண்டையும் விகிதம் பார்க்க வேண்டும். சுவர் தின்றதும் கலத்துக்கும் பின் கவுண்டருக்கும் நடுவே சிதைந்ததும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே, அதனால் அடிபட்டுப் போகும். காலிக் கலத்தில் ஹைட்ரஜன் ஆவி மிச்சமிருக்கும், அதன் அடர்த்தியையும் கழிக்க வேண்டும். நிறைந்த கலத்தில் திரவம் கொதித்துக் குமிழி விட்டால் அடர்த்தி குறையும். குளிரில் கலம் சுருங்கும், அழுத்தத்தில் சன்னல் புடைக்கும், எனவே 'நீளம்' என்பதையே சதவீதத்துக்குக் கீழே சரியாகச் சொல்ல மெனக்கெட வேண்டும். திரவ ஹைட்ரஜன் வசதி இல்லாதவர்கள் பாலித்தீன் பலகையில் ஒருமுறை, அதே அளவு கார்பன் உள்ள கிராஃபைட்டில் ஒருமுறை எடுத்துக் கழிப்பார்கள். விலை குறைவு, ஆனால் இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சின்ன எண்ணைப் பிடிக்கிற வேலை, பிழை ஊதிவிடும்.

காலிக் கலம் தீர்க்காத ஒன்று இருக்கிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் இது ஒரு வரியில்கூட வந்திருக்காது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கற்றையில் வருவதெல்லாம் பையான் இல்லை. வேகமான புரோட்டான்களைக் கார்பன் போன்ற ஒன்றில் அடித்து, வெளியே தெறிப்பதில் வேண்டிய உந்தத்தைக் காந்தத்தால் வளைத்துத்தான் பையான் கற்றை எடுக்கிறார்கள். 300 எம்.இ.வி. உந்தம் 1 டெஸ்லா புலத்தில் 1 மீட்டர் ஆரத்தில் வளையும், அந்த வளைவில் வராதவை வழியிலேயே தடுக்கப்படும். ஆனால் காந்தம் பார்ப்பது உந்தத்தை மட்டுமே. அதே உந்தத்தில் வரும் எலெக்ட்ரானும், அதன் கனமான உறவான மியூவானும் கூடவே உள்ளே வந்துவிடும். இன்னும் மோசம், கடைசிக் காந்தத்தைத் தாண்டியபின் சிதையும் பையான்கள். இந்த உந்தத்தில் பையான் சராசரியாகப் போகும் தூரம் 17 மீட்டர்தான், எனவே 10 மீட்டர் பாதையில் நூற்றுக்கு 45 சிதைந்துவிடும். அதில் பிறக்கும் மியூவான் பையான் போன திசைக்கு 7, 8 டிகிரிக்குள்ளேயே ஓடும், கவுண்டர்களிலும் ஒழுங்காக மின்னும்.

மியூவான் புரோட்டானோடு வலுவான விசையில் பேசாது. ஹைட்ரஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நேராகப் போய்ப் பின் கவுண்டரைத் தட்டும். கற்றையில் 5 சதவீதம் மியூவான் இருந்தால் உங்கள் விடையும் 5 சதவீதம் குறையும், 200 என்பது 190 ஆகும். எத்தனை கோடி எண்ணினாலும் இது சரியாகாது. பிரித்துப் பார்க்க வழி நேரம். 10 மீட்டரைக் கடக்க எலெக்ட்ரானுக்கு 33.4 நானோ விநாடி, மியூவானுக்கு 35.4, பையானுக்கு 36.8. ஒன்றரை நானோ விநாடி இடைவெளியில் பையானையும் மியூவானையும் பிரிக்க வேண்டும், அதுவும் வழியில் பிறந்த மியூவான் இரண்டுக்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கும்போது. ஆற்றல் ஏறினால் நேரத்தால் பிரிக்க முடியாது, வாயு நிரப்பிய செரன்கோவ் கவுண்டர் வேண்டும். வேகத்துக்கேற்ற கோணத்தில் ஒளி விழுவதால் பையானா, அதைவிடக் கனமான மீசானாகிய கேயானா என்று அது சொல்லும். கேயான் அளப்பவர்கள் பாடு இன்னும் கடினம், கற்றையில் நூற்றுக்குச் சிலதான் கேயான், ஆயுளும் 12 நானோ விநாடி.

அடுத்த சிக்கல் முன்பக்கம். கொஞ்சமே கோணம் திரும்பிச் சிதறிய பையான் பின் கவுண்டரின் வட்டத்துக்குள்ளேயே விழுந்தால் 'தப்பியது' என்று எண்ணப்படும். கவுண்டரைச் சின்னதாக்கினால்? நேராக வந்ததே மின்னூட்டங்களுக்கு இடையிலான கூலும் விசையால் லேசாக விலகி வெளியே போய், 'காணாமல் போனது' ஆகிவிடும். அதனால் சிறியது முதல் பெரியது வரை பல வட்டத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறுக்குவெட்டு எடுத்து, கூலும் பங்கைக் கணக்கிட்டு நீக்கி, தகட்டின் அளவு பூச்சியமாகும் இடத்துக்கு வரைபடத்தை நீட்டிப் படிப்பார்கள். 100 ஜி.இ.வி.யில் மீள்சிதறல் (புதுத் துகள் எதுவும் பிறக்காத சிதறல்) பெரும்பாலும் சில மில்லிரேடியனுக்குள் முடிந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி வைத்த தகட்டில் அது மூன்று செ.மீ. விலகல்தான். 1970-களில் ஃபெர்மிலேபில் 23 முதல் 280 ஜி.இ.வி. வரை பை பிளஸ், பை மைனஸ், கேயான், புரோட்டான் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் எடுத்தார்கள். இடைப்பட்ட ஆற்றலில் கேயான் பிளசுக்கு வரும் 17, 18 மில்லிபார்ன் போன்ற எண்களைப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போகும்போது, அதன் பின்னால் இத்தனை தகடுகள் இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

மின்னூட்டம் மாறும் சிதறலை எப்படி எடுப்பது என்று சுருக்கமாக: கலத்தைச் சுற்றிலும் சிண்டிலேட்டர் போர்த்திவிட வேண்டும். பை மைனஸ் உள்ளே போனது, சுற்றிலும் ஒன்றும் மின்னவில்லை என்றால் வெளியே வந்ததெல்லாம் மின்னூட்டமற்றவை. பை ஜீரோ உடனே இரண்டு காமாவாகும், அவற்றைப் பிடித்தால் கோணமும் கிடைக்கும். துகள் போன தடத்தில் திரவம் குமிழி விடும் குமிழி அறை இன்னொரு வழி. அதில் ஹைட்ரஜனே இலக்கு, அதுவே கண். எண்ணிக்கை குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு மோதலையும் படமாகப் பார்க்கலாம். 1964-இல் ஒமேகா மைனஸ் துகள் அகப்பட்டது இப்படிக் கேயான் மைனஸ் கற்றையில்தான்.

கடைசிக் கேள்வி, நம் ஊர். பையான் கற்றை இங்கே கிடைக்காது. ஆனால் பையானின் வாரிசு உங்கள் தலைமேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்றை அடித்துப் பையானை எடுக்கிறது. 10 ஜி.இ.வி. பையான் சராசரியாக 560 மீட்டர் ஓடினால் சிதையும். அந்த மெல்லிய காற்றில் அதற்குள் அணுக்கரு எதையும் சந்திக்காத பையான் மியூவானாகித் தரைக்கு வருகிறது, உள்ளங்கையில் சதுர செ.மீ.க்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம். எத்தனை பையான் தப்பி மியூவானாகும் என்பதைக் காற்றோடு அதன் குறுக்குவெட்டுதான் முடிவு செய்கிறது. தேனி ரோட்டில் வடபழஞ்சிப் பக்கம் போனால், இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தின் மதுரை மையம் இருக்கிறது. 85 டன் காந்த இரும்பு அடுக்குகளுக்கு நடுவே உணர்கருவிகளை வைத்து இந்த மியூவான்களை எண்ணும் மினி-ஐகால் அங்கேதான் இருக்கிறது. துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பார்க்க அனுமதி கேட்டு எழுதுங்கள்.

கையால் செய்ய உங்கள் லேபிலேயே வழி உண்டு. ஜி.எம். (கைகர்-முல்லர்) கவுண்டரும் சீசியம்-137 காமா மூலமும் ஈயத்தகடுகளும் பெரும்பாலான முதுகலை லேபில் இருக்கும். காமா பாதியாகும் அரைத்தடிமன் கண்டுபிடித்து ரெக்கார்டில் எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். இந்தமுறை போகாதீர்கள். 0.693-ஐ அரைத்தடிமனால் வகுத்து வரும் உறிஞ்சல் எண்ணை ஈய அணுக்களின் அடர்த்தி 3.3 × 10²²-ஆல் வகுங்கள். ஓர் அணுவுக்கு 37, 38 பார்ன் கிடைக்க வேண்டும். ஃபெர்மி செய்ததும் இதே கழித்தல், இதே மடக்கை. மூலத்தை எடுத்துவிட்டு எண்ணும் பின்னணிதான் உங்கள் முதல் கழித்தல்.

பிறகு இரண்டு முறை எடுங்கள். தகடுகளை மூலத்துக்கும் கவுண்டருக்கும் நடுவில், குறுகிய துளை வைத்து ஒருமுறை. துளையை எடுத்துவிட்டு, தகடுகளைக் கவுண்டரின் முகத்தோடு ஒட்டி ஒருமுறை. இரண்டாவதில் லேசாகச் சிதறிய காமாக்களும் கவுண்டருக்குள் விழுவதால் குறுக்குவெட்டு குறைவாக வரும். எத்தனை பார்ன் குறைகிறது என்று எடுத்ததும் இங்கேயே எழுதுங்கள், அந்த எண்ணை வைத்துக்கொண்டு கோணத் திருத்தத்தை எப்படிப் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.